மழை ஓய்ந்த காட்டில் தட்டான் பார்ப்பது எப்படி: பருவக் கடைசிக்கான முழுமையான வழிகாட்டி

மழை நின்று சில வாரங்கள் ஆன காட்டுப் பூங்காவுக்குப் போய், குட்டைக் கரையில் அரைமணி நேரம் நின்றுவிட்டு, “இங்கே ஒன்றுமே இல்லை” என்று திரும்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நின்ற இடத்திலிருந்து முப்பது அடி தள்ளி, மர நிழலில், ஒரு காய்ந்த குச்சியில் நாலைந்து தட்டான்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மழைக்காலத்தில் பழகிய முறை இந்தப் பருவத்துக்குப் பொருந்தாது. தேடும் இடம் வேறு, நேரம் வேறு, அடையாளம் காணும் வரிசையும் வேறு.

இந்த வழிகாட்டியில் தட்டான் என்றால் பெரிய, தடித்த உடல் கொண்டது. ஊசித்தட்டான் என்றால் மெல்லிய, ஊசி போன்ற உடல் கொண்டது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது தும்பி என்கிறேன். எடுத்துக்காட்டாகச் சொல்லும் இனங்களில் பெரும்பாலானவை ஆசிய வெப்பமண்டலத்தில் பரவலாக இருப்பவை. முறை எல்லா வெப்பமண்டலக் காடுகளுக்கும் ஒன்றுதான்.

1. பருவக் கடைசி வந்துவிட்டதா என்று தண்ணீரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

மாதத்தை வைத்துக் கணக்கிட வேண்டாம். ஒரே மாதம் ஒரு காட்டில் மழையாகவும் அடுத்த காட்டில் கோடையாகவும் இருக்கும். தண்ணீரைப் பாருங்கள். ஓடையின் கலங்கல் தெளிந்து, வேகம் குறைந்து, மூழ்கியிருந்த பாறைகளின் தலை வெளியே தெரிகிறதா? குட்டையைச் சுற்றி ஈரச் சேறு ஒரு பட்டையாகத் தெரிகிறதா? புல்லின் நுனி பழுக்கத் தொடங்கிவிட்டதா? மூன்றுக்கும் ஆம் என்றால் பருவக் கடைசி தொடங்கிவிட்டது.

இதை முதலில் தெரிந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. இந்தக் காலத்தில் கண்ணில் படும் தும்பிகளில் பெரும்பாலானவை வயதானவை. இன்னும் சில, இணை சேராமல் நிழலில் காத்திருந்து அடுத்த மழைவரை உயிரைத் தக்கவைத்துக்கொள்ளும் இனங்கள். இரண்டுமே உங்கள் கையேட்டில் உள்ள பளிச்சென்ற படம் போல இருக்காது.

இன்னொன்று, இடம்பெயரும் இனங்கள். அன்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் காணப்படும் பாண்டலா ஃபிளாவெசென்ஸ் மழையையும் காற்றையும் தொடர்ந்து போகும் தட்டான். நேற்று வெட்டவெளியில் நூறு பறந்திருக்கும், இன்று ஒன்றுகூட இருக்காது. அதன் வருகையையும் போக்கையும் தனியாக எழுதி வையுங்கள். மற்ற இனங்களின் எண்ணிக்கையோடு கலந்தால் அந்த இடத்தைப் பற்றித் தவறான முடிவுக்கு வருவீர்கள்.

2. போவதற்கு முன் செய்ய வேண்டியவை

பூங்கா அலுவலகத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தப் பாதையில் போகலாம்? மாலை எத்தனை மணிக்குள் வெளியே வர வேண்டும்? ஓடைக்குள் இறங்க அனுமதி உண்டா? மூன்றாவதைக் கேட்காமல் போகிறவர்கள்தான் அதிகம். பாதை திறந்திருப்பதாலேயே தண்ணீரில் இறங்கலாம் என்று ஆகிவிடாது. வலை வேண்டாம். பிடிக்காமலேயே பெரும்பாலான இனங்களை அடையாளம் காணலாம். வயதான தும்பியின் இறக்கை விளிம்பு ஏற்கெனவே கிழிந்திருக்கும், வலை பட்டால் மிச்சமும் போகும்.

முந்தைய நாள் வானிலையைப் பாருங்கள். தும்பிகளுக்கு வெயில் வேண்டும். தசை சூடேறினால்தான் பறக்க முடியும். முழுநாள் மேகமூட்டம் என்றால் வேறு நாளுக்குத் தள்ளிப்போடுங்கள். விட்டு விட்டு வெயில் வரும் நாள் மோசமில்லை. மேகம் மூடினதும் எல்லாம் உட்கார்ந்துவிடும், படம் எடுக்க அதுவே நல்ல நேரம்.

உடை மங்கிய நிறத்தில் இருக்கட்டும். முழுக்கை, முழுக்கால், கணுக்காலை மூடும் காலணி. அட்டை உள்ள காடாக இருந்தால் கால்சட்டையின் அடிப்பகுதியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். தனியாகப் போக வேண்டாம். பார்வை முழுக்க ஒரு குச்சி நுனியில் நிற்கும்போது காலடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

3. பையில் வைக்க வேண்டியவை

கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் பைனாகுலர்தான் முதல் தேவை. பறவை பார்க்க வாங்கிய பைனாகுலர் பல நேரம் மூன்று, நான்கு மீட்டருக்குள் தெளியாது. இரண்டு மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். பென்டாக்ஸ் பாப்பிலியோ வகை 50 சென்டிமீட்டர் வரை தெளியும், அதனால் பூச்சி பார்ப்பவர்கள் கையில் அது அதிகம் இருக்கும்.

கேமரா இருந்தால் நல்லது, மொபைல் போதும் என்றாலும் சரிதான். சிறிய நோட்டும் பென்சிலும் கட்டாயம், பேனா மை ஈரத்தில் கலைந்துவிடும். ஒரு சிறு டார்ச், குடிநீர், தொப்பி. ஆறு அங்குல ஸ்கேல் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். தும்பியை அதன் பக்கத்தில் வைத்து அளக்கச் சொல்லவில்லை. அது பறந்த பிறகு உட்கார்ந்திருந்த இலையை அளந்தால் உடல் நீளம் ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

4. நடக்கும் வழியை வெயிலின் போக்கில் அமையுங்கள்

புதியவர்கள் பூங்காவின் வரைபடத்தைப் பார்த்து நடக்கிறார்கள். வெயிலைப் பார்த்து நடக்க வேண்டும்.

காலை எட்டரைக்கு முன் அவசரம் இல்லை. மழை ஓய்ந்த பிறகு இரவுகள் குளிர்ந்திருக்கும், பனி விழும், தும்பிகள் தாமதமாகவே எழும். முதலில் கிழக்கு வெயில் விழும் வெட்டவெளி, புல்தரை, குட்டையின் மேற்குக் கரை. இரவில் ஒதுங்கியிருந்தவை இங்கே வந்து காய்ந்துகொண்டிருக்கும். இறக்கையில் பனித்துளியோடு அசையாமல் இருப்பதை அருகில் பார்க்க நாளிலேயே இதுதான் சிறந்த நேரம்.

பத்து மணிக்கு மேல் ஓடை. மரக்கிளைகளுக்கு இடையே வெயில் துண்டு துண்டாகத் தண்ணீரில் விழ ஆரம்பிக்கும். ஓடையில் வாழும் ஆண்கள் அந்த வெயில் துண்டுகளைத்தான் தங்கள் எல்லையாகப் பிடித்துக்கொள்ளும். வெயில் நகர்ந்தால் அவையும் நகரும். அதனால் காலையில் காலியாக இருந்த பாறையை நண்பகலில் இன்னொரு முறை பாருங்கள்.

நண்பகலுக்கு மேல் காட்டின் நிழல். மாலை மறுபடியும் வெட்டவெளி. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், காலையில் இருண்ட ஓடையில் ஒன்றும் இராது, நண்பகலில் வெட்டவெளியில் நீங்கள்தான் காய்வீர்கள்.

5. முதல் பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள்

ஒவ்வொரு இடத்திலும் இதைச் செய்யுங்கள். நீங்கள் வந்ததால் கலைந்தவை திரும்பி வர அவ்வளவு நேரமாவது வேண்டும்.

தும்பிகளில் இரண்டு பழக்கம் உண்டு. சில இனங்கள் ஒரு குச்சியில் உட்கார்ந்து, இரை வந்தால் எழுந்து பிடித்து, அதே குச்சிக்கோ பக்கத்துக் குச்சிக்கோ திரும்பும். சில இனங்கள் நிற்காமல் பறந்துகொண்டே இருக்கும். முதல் வகையைத் துரத்தவே கூடாது, குச்சியைக் கவனித்துக் காத்திருந்தால் போதும். இரண்டாவது வகையைத் துரத்தியும் பயன் இல்லை. அது ஒரே பாதையில் திரும்பத் திரும்பச் சுற்றுகிறதா என்று பாருங்கள். எந்த வளைவில் வேகம் குறைகிறது என்று தெரிந்தால் பைனாகுலரை அங்கே வைத்துக் காத்திருக்கலாம்.

பார்வையை மூன்று அடுக்காக ஓட்டுங்கள். தண்ணீரை ஒட்டிய அரை அடி உயரம், பிறகு இடுப்பளவு செடிகள், பிறகு தலைக்கு மேலே வெளிப்பட்டு நிற்கும் மொட்டைக் குச்சி நுனிகள். பெரும்பாலானவர்கள் நடு அடுக்கை மட்டுமே பார்க்கிறார்கள். கீழ் அடுக்கில்தான் ஊசித்தட்டான்கள் அதிகம்.

6. முதலில் வடிவம்: தட்டானா, ஊசித்தட்டானா?

உட்கார்ந்திருக்கும்போது இறக்கையை விரித்து வைத்தால் தட்டான், முதுகின் மேல் சேர்த்து மடித்து வைத்தால் ஊசித்தட்டான் என்று சொல்லிக் கொடுப்பார்கள். இது பெரும்பாலும் சரி. ஆனால் லெஸ்டெஸ் போன்ற ஊசித்தட்டான்கள் இறக்கையைப் பாதி விரித்தே உட்காரும், பருவக் கடைசியில் அவற்றைத்தான் அடிக்கடி பார்ப்பீர்கள். அதனால் இறக்கையோடு நிறுத்தாமல் தலையையும் பாருங்கள்.

ஊசித்தட்டானின் தலை குறுக்கே நீண்டு, இரண்டு கண்களும் இரு ஓரங்களில் தனித்தனியாக இருக்கும். தட்டான்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண்கள் பெரிதாகி நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும். காம்ஃபிடே குடும்பத்துத் தட்டான்கள் இதற்கு விலக்கு. அவற்றின் கண்களுக்கு நடுவே இடைவெளி உண்டு, ஆனால் உடல் தடித்திருக்கும். இறக்கையும் உதவும். ஊசித்தட்டானின் முன்னிறக்கையும் பின்னிறக்கையும் ஒரே வடிவம், தட்டானின் பின்னிறக்கை அடியில் அகன்றிருக்கும்.

அடுத்து உட்காரும் விதம். படுக்கை வாட்டத்தில் உட்காருகிறதா, செங்குத்தாகத் தொங்குகிறதா? இலையின் மேலா, குச்சி நுனியிலா, பாறையிலா, தரையிலா? இதை எழுதி வைத்தாலே பல நேரம் குடும்பம் தெரிந்துவிடும். ஓடைப் பாறையில், இறக்கையைவிட வயிறு குட்டையாக, முகம் மூக்கு வைத்தது போலத் துருத்திய ஒரு சிறிய ஊசித்தட்டான் உட்கார்ந்திருந்தால், நிறமே தெரியாவிட்டாலும் அது குளோரோசைஃபிடே குடும்பம்.

7. நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். பருவக் கடைசியில் நடக்கும் தவறான அடையாளங்களில் பெரும்பாலானவை நிறத்தை முதலில் பார்ப்பதால் வருகின்றன.

தும்பியின் நிறம் வயதோடு மாறும். தோலுரித்து வெளிவந்த புதிதில் உடல் வெளிறி, இறக்கை கண்ணாடித்தாள் போலப் பளபளக்கும். குரோகோதெமிஸ் சர்விலியா என்னும் தட்டானின் ஆண் முதலில் பெண்ணைப் போல மஞ்சளாக இருந்து, முதிர்ந்த பிறகே ரத்தச் சிவப்பாகும். ஆர்தெட்ரம் என்னும் தட்டான் வகையின் இனங்கள் பலவற்றில் முதிர்ந்த ஆணின் உடலில் திராட்சைத் தோலின் மேல் இருப்பது போன்ற வெண்ணீல மாவு படியும். அந்த மாவுக்கு அடியில் பழைய மஞ்சளும் கறுப்பும் அப்படியே இருக்கும்.

கோபெரா மார்ஜினிபெஸ் என்னும் ஊசித்தட்டானின் இளம்பருவம் கால்முதல் உடல்வரை வெளுத்து ஆவி போல இருக்கும், முதிர்ந்த ஆணுக்குக் கால்கள் மஞ்சள். நான் மூன்று வாரம் அந்த வெள்ளைப் பூச்சியைத் தனி இனமாக எழுதி வந்தேன். ஒரு நாள் ஒரே இலையில் இரண்டும் உட்கார்ந்திருந்தன. நடுவில் பாதி வெளுத்து, பாதி கறுத்த மூன்றாவது ஒன்றும் இருந்தது. மூன்று வாரக் குறிப்பையும் திருத்த வேண்டியதாயிற்று.

பெண்களில் குழப்பம் இன்னும் அதிகம். இஷ்னூரா செனகலென்சிஸ் போன்ற ஊசித்தட்டான் இனங்களில் சில பெண்கள் ஆணின் நிறத்திலேயே இருக்கும், சில வேறு நிறத்தில் இருக்கும். நிறத்தை வைத்து ஆண் என்று எழுதினால் எண்ணிக்கை முழுக்கத் தப்பாகிவிடும்.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? வரிசை இதுதான்:

முதலில் பாலினம். ஆணின் வயிற்றின் அடிப்பக்கத்தில், மார்பை ஒட்டிய இரண்டாம், மூன்றாம் கணுக்களில், ஒரு சிறு புடைப்பு தெரியும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் பைனாகுலரிலேயே தெரியும். பெண்ணுக்கு அது இருக்காது. ஊசித்தட்டான் பெண்ணுக்கு வயிற்றின் கடைசிக் கணுக்களின் அடியில் முட்டையிடும் உறுப்பு தடித்துத் தெரியும்.

அடுத்து வயது. இறக்கை தெளிவாக இருக்கிறதா, பழுப்பேறியிருக்கிறதா? விளிம்பு கிழிந்திருக்கிறதா? மாவு படிந்திருக்கிறதா? ஆர்தெட்ரம் ஆணின் நடுவயிற்றில் இரண்டு பக்கமும் மாவு உரசிப்போய்க் கறுப்பாகத் தெரிந்தால், அது ஏற்கெனவே இணை சேர்ந்தது என்று பொருள். இணையும்போது பெண் தன் கால்களால் பற்றிய இடம் அது.

மூன்றாவது, வயிற்றுக் கணுக்களின் குறி. தும்பியின் வயிறு மூங்கில் போலப் பத்துக் கணு கொண்டது. எந்தக் கணுவில் நீலம், எந்தக் கணுவில் வெள்ளை என்பதுதான் பல ஊசித்தட்டான்களைப் பிரிக்கும். முன்னாலிருந்து எண்ணாதீர்கள், முதல் கணு குட்டையாக இருப்பதால் தவறிவிடும். வால் நுனியிலிருந்து பத்து, ஒன்பது, எட்டு என்று பின்னோக்கி எண்ணுங்கள்.

நான்காவது, வால் நுனி இடுக்கிகளின், அதாவது இணையும்போது ஆண் பெண்ணைப் பற்றிக்கொள்ளும் உறுப்புகளின், வடிவம். இனங்களைப் பிரிப்பதில் இதற்கு மேல் நம்பகமானது வெளிப்புறத்தில் குறைவு. மாவு படிந்தாலும், நிறம் மங்கினாலும் இடுக்கியின் வடிவம் மாறாது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் நிறம்.

ஒரு சிறிய எச்சரிக்கையும் இங்கேயே. மார்பின் அடியிலோ வயிற்றின் அடியிலோ சிவப்பு உருண்டைகள் மணிமணியாக ஒட்டியிருந்தால் அது முட்டையும் இல்லை, இனத்தின் குறியும் இல்லை. நீரில் வாழும் உண்ணிவகைச் சிறுபூச்சிகளின் குஞ்சுகள் அவை, தும்பியின் உடலில் ஒட்டி உறிஞ்சி வாழ்பவை. எத்தனை இருந்தன என்று எழுதி வையுங்கள்.

8. நெருங்குவதும் படம் எடுப்பதும்

தும்பியின் கண் ஏறக்குறைய எல்லாத் திசையும் பார்க்கும், அசைவை உடனே கண்டுகொள்ளும். மெதுவாகப் போவதைவிட ஒரே சீராகப் போவது முக்கியம். நின்று, பாய்ந்து, நின்று போனால் ஒவ்வொரு பாய்ச்சலும் அதற்குத் தெரியும். குனிந்து, வானத்தின் பின்னணியில் உங்கள் உருவம் தெரியாதபடி வாருங்கள். உங்கள் நிழல் அதன் மேல் விழக் கூடாது. நிழல் விழுந்த கணமே பறந்துவிடும்.

தலை திரும்புவது முதல் அறிகுறி. தலையை உங்கள் பக்கம் சட்டென்று திருப்பினால் அங்கேயே நில்லுங்கள். இறக்கை ஒருமுறை முன்னோக்கிச் சரிந்து தாழ்ந்தால் மறுபடி நிம்மதியாக உட்கார்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

முதல் படத்தைத் தொலைவிலிருந்தே எடுத்துவிடுங்கள். அழகாக இராது, ஆனால் பறந்துபோனால் கையில் ஒன்றாவது இருக்கும். பிறகு பக்கவாட்டில் ஒன்று. அது கணுக்களையும் பாலினத்தையும் காட்டும். அப்புறம் மேலிருந்து ஒன்று, வால் நுனி ஒன்று, முகம் ஒன்று. பலர் முகத்தில் ஆரம்பிக்கிறார்கள். அழகான முகப்படம் இருக்கும், இனம் தெரியாது.

ஊசித்தட்டான் உடல் அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் ஃபோகஸ் பின்னாலுள்ள புல்லுக்குப் போய்விடும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸ் வைத்து மார்பைக் குறியுங்கள். உடல் முழுவதும் லென்ஸுக்கு இணையாக வரும்படி பக்கவாட்டில் நின்றால் தலைமுதல் வால்வரை தெளிவு கிடைக்கும். மொபைலில் டிஜிட்டல் ஜூம் செய்வதைவிட அருகில் போய் எடுத்து, பிறகு வெட்டிக்கொள்வது நல்லது.

படத்துக்காகக் குச்சியை வளைப்பது, கிளையை ஒடிப்பது, தும்பியைக் குளிரவைத்து உட்கார வைப்பது எதுவும் வேண்டாம். அந்தக் குச்சி அதன் வேட்டையிடம்.

9. நண்பகல்: நிழலுக்குள் தேடுங்கள்

பருவக் கடைசியின் சொத்து இங்கேதான் இருக்கிறது. தண்ணீரிலிருந்து தள்ளி, அடர்ந்த மரங்களுக்கு அடியில், வெயில் படாத, காற்று அடிக்காத பள்ளங்களைத் தேடுங்கள். இணை சேர வேண்டிய தேவை இல்லாதவை தண்ணீருக்கு வருவதில்லை. வறண்ட காலத்தை ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் கழிக்கும்.

லெஸ்டெஸ் இனங்கள் சில, மங்கிய காய்ந்த புல் நிறத்தில், காய்ந்த தண்டுகளில் தண்டோடு தண்டாக இருக்கும். மழை வந்தபின் அவையே நிறம் ஏறித் தண்ணீருக்குத் திரும்பும். வெஸ்டாலிஸ் ஊசித்தட்டான்கள் பெரியவை, பச்சை உலோகம் போல் மின்னுபவை. ஓடையிலிருந்து தள்ளிய புதரடியில் கூட்டமாக இருக்கும். நடக்கும்போது காலடியிலிருந்து எழுந்து நாலடி தள்ளி உட்காரும். எழுந்ததைப் பின்தொடராமல், எழுந்த இடத்தைப் பாருங்கள். இன்னும் சில அங்கேயே இருக்கும்.

பொட்டமார்கா கன்ஜெனர் தட்டான்கள் மொட்டைக் குச்சிகளில் கூட்டமாக ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக அடையும். முன்னே சொன்ன முப்பது அடித் தொலைவுக் குச்சியில் நான் பார்த்தது இவற்றைத்தான். காற்று வந்தால் குச்சியோடு சேர்ந்து ஆடும், ஒன்று எழுந்தால் மற்றவை நகர்ந்து இடம் கொடுக்கும், பிறகு அதே இடத்தில் அது வந்து உட்காரும். இப்படி அடையும் குச்சியைக் கண்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த முறையும் பாருங்கள்.

கைனகாந்தா போன்ற பெரிய தட்டான்கள் பகல் முழுக்க இருண்ட மூலையில், கொடி தொங்குவது போலச் செங்குத்தாகத் தொங்கும். கண்ணால் தேடினால் எளிதில் அகப்படாது. பாறைக் குடைவு, மரப்பொந்தின் வாய், சரிந்த கரையின் அடிப்பகுதி போன்ற இடங்களில் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். இறக்கை மின்னுவது முதலில் தெரியும். பார்த்ததும் டார்ச்சை அணைத்துவிடுங்கள். கையை விட்டுத் துழாவ மட்டும் வேண்டாம், அதே மூலைகள் பாம்புக்கும் பிடித்தவை.

10. உரித்த சட்டைகளைத் தேடுங்கள்

தும்பியே இல்லாத நாளிலும் இதைச் செய்யலாம். நீரில் வளர்ந்த இளம்பருவம் கரையேறி, தண்டையோ பாறையையோ பற்றி, முதுகு பிளந்து வெளியேறும். பாம்பு சட்டை உரித்தது போல அந்தக் கூடு அங்கேயே ஒட்டியிருக்கும். மழை படாத மறைவிடத்தில் பல நாள் கெடாது.

பாறையின் உட்சரிவு, வேர்களின் அடிப்பக்கம், பாலத்தின் தூண், நாணல் தண்டு ஆகியவற்றைத் தண்ணீர் மட்டத்திலிருந்து தலை உயரம்வரை பாருங்கள். தண்ணீர் இறங்கிவிட்டதால் சட்டைகள் இப்போதைய கரையிலிருந்து தள்ளி, பழைய நீர்மட்டத்தின் அருகே இருக்கும். புதியவர்கள் இன்றைய கரையில் தேடி ஏமாறுவது இதனால்தான்.

ஒரு சட்டையை அருகில் பாருங்கள். முதுகுப் பிளவிலிருந்து வெள்ளை நூல் போன்றவை தொங்கும். மூச்சுக்குழாய்களின் உட்தோல் அது, பூச்சி வெளியேறும்போது உள்ளிருந்து உருவி வந்தது. பின்நுனியில் இலை போன்ற மூன்று மடல்கள் இருந்தால் ஊசித்தட்டான், குட்டையான முட்கள் மட்டும் இருந்தால் தட்டான். பறக்கும் தும்பி எங்கிருந்தோ வந்திருக்கலாம். சட்டை இருந்தால் இந்தத் தண்ணீரில்தான் வளர்ந்தது என்று உறுதியாக எழுதலாம். அனுமதி இல்லாமல் எடுத்துப்போக வேண்டாம், படம் போதும்.

11. என்ன செய்கிறது என்பதை எழுதுங்கள்

பெயர் தெரியாவிட்டாலும் நடத்தையை எழுதலாம். வெயில் உச்சியில் வயிற்றைச் செங்குத்தாகத் தூக்கி வால் நுனியைச் சூரியனுக்குக் காட்டி உட்காருவது, உடலில் படும் வெயிலைக் குறைக்க. ஆண் தன் இடுக்கியால் பெண்ணின் கழுத்துப் பகுதியைப் பற்ற, பெண் வயிற்றை வளைத்து முன்னே கொண்டுவர, இரண்டும் இதய வடிவில் நிற்பது இணை சேர்தல்.

முட்டையிடுவதைக் கண்டால் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். ஊசித்தட்டான் செடித் தண்டைக் கீறி உள்ளே முட்டை வைக்கும். பல தட்டான்கள் பறந்தபடியே வால் நுனியால் தண்ணீரைத் தட்டும். பக்கத்தில் ஆண் காவல் சுற்றுகிறதா, பெண்ணைப் பற்றியபடியே இருக்கிறதா, தனியே விட்டுவிட்டதா? எந்தத் தண்டில், தண்ணீருக்கு எவ்வளவு மேலே என்பதையும் குறியுங்கள். நிறுத்தியிருக்கும் கார் மேல் ஒரு தட்டான் வாலால் தட்டினால் அதையும் எழுதுங்கள். மின்னும் பரப்பிலிருந்து வரும் ஒளியைத் தண்ணீர் என்று அது எடுத்துக்கொள்கிறது.

12. அந்திவேளையைத் தவறவிடாதீர்கள்

பூங்கா நேரம் அனுமதித்தால், சூரியன் மறைவதற்கு அரைமணி முன் காட்டோர வெட்டவெளிக்கு வந்துவிடுங்கள். மேற்கு வானத்தைப் பார்த்து நில்லுங்கள், பறக்கும் உருவம் அந்த வெளிச்சத்தில்தான் தெரியும். பைனாகுலர் வேண்டாம், கண்ணே போதும்.

பகலில் தூங்கிக் கிடந்தவை இப்போது வரும். தோலிமிஸ் டில்லார்கா என்னும் தட்டானின் ஆணுக்குப் பின்னிறக்கையில் பழுப்புத் திட்டுக்குப் பக்கத்தில் பால் வெள்ளைத் திட்டு உண்டு. மங்கிய வெளிச்சத்தில் உடல் தெரியாமல் அந்த வெள்ளை மட்டும் தண்ணீருக்கு மேல் விட்டு விட்டு மினுங்கிப் போகும். கைனகாந்தா மரங்களுக்கு இடையிலிருந்து வெளியே வந்து கொசுக்கூட்டத்துக்குள் போகும், வரும். பதினைந்து இருபது நிமிடம்தான். அதற்குள் எத்தனை உருவம், எந்த உயரம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தன என்று எழுதிவிட்டு, திரும்பும் வழிக்கு வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள்.

13. அன்றிரவே குறிப்பை முடியுங்கள்

தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வெயிலா மேகமா, தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது, எந்த இடம். பிறகு ஒவ்வொரு தும்பிக்கும் எண்ணிக்கை, பாலினம், வயது, உட்கார்ந்த விதம். உறுதியாகத் தெரியாத பெயரை எழுதாதீர்கள். “ஆர்தெட்ரம், பெண், முதிர்ந்தது” என்று நிறுத்துவது, தப்பான இனப்பெயரைவிடப் பயன் தரும். உயிரினப் படங்களைப் பதிந்து பெயர் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் ஏற்றும்போது ஒரே பூச்சியின் பக்கவாட்டுப் படம், மேற்படம், வால் நுனிப் படம் மூன்றையும் ஒரே பதிவில் சேர்த்துப் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் பார்ப்பவர்களால் பெயர் சொல்ல முடியாது.

காணாததையும் எழுதுங்கள். “குட்டையில் 40 நிமிடம், தட்டான் இல்லை” என்பதும் ஒரு பதிவுதான். எந்த வாரத்தில் எந்த இனம் தண்ணீரை விட்டுப் போனது என்று பிறகு அதை வைத்துத்தான் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து அதே பாதையில், அதே நேரத்தில், அதே வரிசையில் போங்கள். முதல் முறை குறித்துவைத்த அடையும் குச்சியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், ஆசையாகத்தான் இருக்கும். நண்பகலில் அதன் முறை வரும்போது பாருங்கள். அப்போதுதான் இரண்டு எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியும்.